கேக்கும் கடைசி செமஸ்டரும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசி செமஸ்டர் எழுதுகிறவர்கள், எழுதி முடித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் அனுப்பியவை. கேக் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் நான்காவது வரியிலேயே ரிசல்ட், அரியர், வேலை, அப்பா என்று பேச்சு திரும்பிவிடுகிறது. அப்படித்தான் எழுத வேண்டும். சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில். மாணவர்களின் இந்த மாதங்களையும் அடுப்பையும் சேர்த்தே பார்த்துப் பழகியதால் பதிலையும் சேர்த்தே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: சேலத்தில் சித்தி வீட்டில் தங்கி பி.காம். படித்தேன். அங்கே வாராவாரம் வெனிலா கேக் செய்வேன், பஞ்சு மாதிரி வரும். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அதே ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின் அடுப்பு), அதே டின், அதே அளவில் செய்தால் நன்றாக எழும்பி, பிறகு நடுவில் குழி விழுந்துவிடுகிறது. அம்மா திருஷ்டி என்கிறார். எங்கே தப்பு?
— வாசகி, ஏற்காடு

திருஷ்டியும் இல்லை, உன் கையும் காரணமில்லை கண்ணு. நீ 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்துவிட்டாய், உன் செய்முறை இன்னும் அடிவாரத்திலேயே நிற்கிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயுவை மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஆள் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள். குமிழிகள் வேகமாகப் பெரிதாகும். முட்டையும் மைதாவும் வெந்து சுவர் கட்டுவதற்கு முன்பே குமிழிகள் உடைந்துவிடும். எழும்பியது உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். உங்கள் வீட்டில் பருப்பு குக்கர் இல்லாமல் லேசில் வேகாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அதே கதைதான். கேக் மாவிலிருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போவதால் மிச்சமிருக்கும் மாவில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. சர்க்கரை கூடினால் கேக் கெட்டிப்படுவது தள்ளிப்போகும். குழி விழ இதுவும் உதவி செய்கிறது.

உன் கடிதத்தில் இருந்த அளவையே திருத்தித் தருகிறேன். நீ போடுவது மைதா 200 கிராம், சர்க்கரை 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், பால் 100 மில்லி, 180 டிகிரியில் 40 நிமிடம். ஏற்காட்டில் பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனாகக் குறை. சர்க்கரையை 175 கிராமாக்கு. பாலில் இரண்டு மேசைக்கரண்டி கூட்டு, மைதாவில் ஒரு மேசைக்கரண்டி கூட்டு. சூட்டை 190 ஆக்கு. வெளிச்சுவர் சீக்கிரம் வெந்து நிற்க வேண்டும், அதற்குத்தான். 33 நிமிடத்திலிருந்தே குச்சி குத்திப் பார்க்க ஆரம்பி. முட்டையைச் சேலத்தில் அடித்த மாதிரி நுரை பொங்க அடிக்காதே. ஏற்கெனவே காற்று தாராளமாக விரியும் ஊர் அது. டின்னில் பாதிக்கு மேல் ஊற்றாதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற யோசனையாக இருந்தால் முதலில் பேக்கிங் பவுடரை மட்டும் குறைத்துப் பார். குழியில் பாதி அதிலேயே நிரம்பிவிடும்.

இன்னும் ஒன்று, அது மூடுபனி. ஜூனில் சாரல் தொடங்கியதும் ஏற்காட்டு வீடுகளில் உப்பு ஜாடியே ஈரமாகிவிடும். பேக்கிங் பவுடர் டப்பாவில் ஈரம் ஏறினால் அதன் வேலை டப்பாவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பார். புஸ்ஸென்று பொங்கினால் உயிரோடு இருக்கிறது. சின்ன டப்பாவாக வாங்கு, இறுக்கி மூடு. டிசம்பரில் வெண்ணெய் கல்லாக இருக்கும். முந்தின இரவே வெளியே எடுத்து வைத்தாலும் இளகாது. சுட வைத்து அணைத்த ஓடிஜிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் பதத்துக்கு வரும், உருக விட்டுவிடாதே.

மலையில் பேக் செய்கிறவர்களுக்கென்று தமிழில் அளவு எழுதி வைத்தவர்கள் குறைவு. உன் நோட்டில் ஒவ்வொரு செய்முறைக்கும் மேலே “ஏற்காடு, 1,500 மீட்டர்” என்று எழுதி, திருத்திய அளவைக் கீழே எழுது. எஸ்டேட் குடியிருப்புகளில் கிறிஸ்துமஸுக்குக் கேக் போடும் வீடுகள் எத்தனையோ. அந்த நோட்டை நகலெடுத்துக் கேட்டு வருவார்கள். நான் வருவேன்.

கேள்வி: மல்கோவாவை அரைத்துப் போட்டு மாம்பழக் கேக் செய்தேன். மேலே வெந்து, நடுவில் களி மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அப்படியேதான்.
— வாசகி, அயோத்தியாப்பட்டணம்

விழுதில் இருக்கும் தண்ணீர்தான் களி. 200 கிராம் விழுதை அடி கனமான வாணலியில் கிளறி 130 கிராம் ஆகும்வரை சுண்ட வையுங்கள். ஆறிய பிறகு சேர்த்து, பாலைப் பாதியாகக் குறையுங்கள். மாம்பழத்தில் புளிப்பு உண்டு என்பதால் கால் டீஸ்பூன் சோடா உப்பு அதோடு சேர்ந்து நன்றாக வேலை செய்யும், அந்த அளவுக்குப் பேக்கிங் பவுடர் குறையட்டும்.

பழத்தைப் பற்றி என் கருத்து: கேக்குக்குச் செந்தூரா போதும். மல்கோவாவின் மணம் அடுப்புச் சூட்டில் பாதி போய்விடுகிறது. அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் பிழிந்து தின்னுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டேன். இரண்டு அரியர் நிற்கிறது. கூடப் படித்தவர்கள் எல்லாம் ப்ராவிஷனல் வாங்கிவிடுவார்கள். நான் புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். பிரவுனி, குக்கீஸ் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறேன். வீட்டில் யாருக்கும் அரியர் தெரியாது. இது சோம்பேறித்தனமா?
— மாணவி, கருப்பூர்

இல்லை கண்ணு. சோம்பேறி 40 டிகிரி வெயிலில் ஓடிஜி முன்னால் நிற்கமாட்டாள்.

ஏன் அடுப்படிக்குப் போகிறாய் என்று எனக்குப் புரிகிறது. மைதாவை அளந்து போட்டு, கலக்கி, உள்ளே வைத்தால் 40 நிமிடத்தில் விடை தெரிந்துவிடுகிறது. வெந்தால் வெந்தது, கருகினால் கருகியது. பரீட்சைத் தாள் அப்படி இல்லை. எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வரும் மதிப்பெண்ணும் எங்கே சறுக்கினோம் என்று சொல்லாது. மூன்று வருடம் அந்தக் காத்திருப்பில் இருந்தவளுக்கு, கண்ணெதிரே எழும்பும் ஒரு கேக் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க வேண்டாம். நானும் பிடுங்கமாட்டேன்.

ஆனால் அந்த இரண்டு தாள்களும் அங்கேயே நிற்கின்றன, அவற்றின் விளைவு உண்மையானது. எல்லாத் தாளும் தேறாமல் ப்ராவிஷனல் சான்றிதழ் வராது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும், அதற்கு நீ இப்போதே படிக்கலாம். குரூப் 2க்குப் பட்டம் வேண்டும், அதுவும் அறிவிக்கை வெளியாகும் நாளில் கையில் இருக்க வேண்டும். பி.எட்., எம்.எஸ்சி. எல்லாவற்றுக்கும் அதே கதவுதான். அடுத்த செமஸ்டர் தேர்வோடு அரியர் எழுத விண்ணப்பிக்கும் கடைசித் தேதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வை. தேதி தவறி ஒரு வருடம் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடம் தெரியாததால் தோற்றவர்களைவிட அவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கும்.

எந்தத் தாள்கள் என்று நீ எழுதவில்லை. வெப்ப இயக்கவியல் அதில் ஒன்றாக இருந்தால் நீ தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். ஓடிஜியின் கம்பி சிவப்பது கதிர்வீச்சு, உள்ளே காற்று சுழல்வது சலனம், டின்னின் அடியிலிருந்து மாவுக்குச் சூடு ஏறுவது கடத்தல். கறுப்பு டின்னில் வைத்த கேக் ஏன் ஓரம் சீக்கிரம் சிவக்கிறது என்று நீயே ஒரு பக்கம் எழுதிப் பார். படிப்பதற்கு அது நல்ல முதல் பக்கம்.

வழி ஒன்று சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பேக்கிங் நாள். மற்ற நாட்களில் மைதா டப்பாவைப் பரணில் ஏற்றிவிடு. பேக்கிங் நாளில் கேக் உள்ளே இருக்கும் 40 நிமிடம் போனைத் தொடாமல் ஒரு கணக்குப் போடு. அந்த நேரத்தில் நீ எப்படியும் அடுப்படியை விட்டு நகரமாட்டாய்.

வீட்டில் சொல்லிவிடு. முதலில் அம்மாவிடம், தனியாக, சமையல் வேலை முடிந்த பிறகு. “ரெண்டு பேப்பர் நிக்குதும்மா, இந்தத் தேதில எழுதறேன்” என்று தேதியோடு சொல். தேதி இல்லாமல் சொன்னால் அழுகையில் முடியும். தேதியோடு சொன்னால் பேச்சு அடுத்த வேலைக்கு நகரும். மறைத்து வைத்திருக்கும் பாரம்தான் உன்னைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். இறக்கி வைத்துப் பார். பிறகு எனக்கு எழுது, கட்டாயம் எழுது.

கேள்வி: முதல் சம்பளத்தில் ஓடிஜி வாங்கலாமா, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கலாமா?
— வாசகர், சூரமங்கலம்

கேக்கும் ரொட்டியும்தான் ஆசை என்றால் ஓடிஜி. மேலும் கீழும் கம்பி இருப்பதால் சூடு சீராகப் பிடிக்கும். 30 லிட்டர் அளவு ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம், 1,500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட்தான், சூடு ஏறியதும் அது விட்டு விட்டுத்தான் எரியும். ஆனால் அதற்கும் முன்னால் கிராம் காட்டும் எடை மெஷின் ஒன்று வாங்குங்கள். ஒரு கப் மைதாவை லேசாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். இந்த 30 கிராமில்தான் பாதி வீடுகளின் கேக் வறண்டுபோகிறது.

கேள்வி: என் பேத்தி எம்.ஏ. முடித்துவிட்டு எந்நேரமும் கேக் செய்கிறாள். அதிரசமும் முறுக்கும் கற்றுக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. கேக் வெள்ளைக்காரன் பண்டம்தானே?
— வாசகர், குகை, சேலம்

ஐயா, வந்த வழி அதுதான். தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரைக்காகச் செய்ததுதான் இந்தியாவின் முதல் கேக் என்று சொல்கிறார்கள். துரை கொடுத்த சாமான்களோடு உள்ளூர்ச் சரக்கையும் சேர்த்துத்தான் அவர் செய்தாராம். அப்போதே அதில் நம் கை பட்டுவிட்டது. உங்கள் வீட்டுக் காலைக் காப்பியையும் நினைத்துப் பாருங்கள். சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இன்று காப்பியை வெள்ளைக்காரன் பானம் என்று சேலத்தில் யார் சொல்கிறார்கள்?

அதிரசம் கற்கட்டும், அது உங்கள் ஆசை, நல்ல ஆசை. பாகு பதம் பார்க்கத் தெரிந்தவளுக்குக் கேக்குக்கான கேரமல் தண்ணீர் பட்டபாடு. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொல்லிக்கொடுங்கள். ஓமலூர்ப் பக்கத்து வெல்லத்தில் செய்யச் சொல்லுங்கள். அதே வெல்லத்தைப் போட்டு அவள் ஒரு கேக் செய்து தருவாள், அதையும் ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பி.சி.ஏ. முடித்தேன். வேலை கிடைக்கும்வரை வீட்டில் கேக் செய்து விற்கலாம் என்று தொடங்கினேன். ஆர்டர் வருகிறது, கையில் காசு நிற்கவில்லை. கடையில் விலை குறைவு என்று பேரம் பேசுகிறார்கள். சொந்தக்காரர்கள் காசே தருவதில்லை. கல்விக் கடன் வேறு இருக்கிறது. லைசென்ஸ் வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.
— வாசகி, அம்மாபேட்டை

உன் கடிதத்தோடு ஒரு கிலோ சாக்லேட் கேக்குக்கு நீ போட்ட கணக்கை அனுப்பியிருந்தாய். மைதா, கோகோ, முட்டை, வெண்ணெய், க்ரீம் எல்லாம் இருக்கிறது. அட்டைப் பெட்டி இல்லை. அடியில் வைக்கும் பலகை இல்லை. கரண்ட் இல்லை. லீ பஜாருக்குப் போய்வந்த பெட்ரோல் இல்லை. டெலிவரிக்கு ஐந்து ரோடு வரை போனது இல்லை. நீ நின்ற நான்கு மணி நேரம் இல்லவே இல்லை. காசு எங்கே போகிறது என்று கேட்கிறாய். இங்கேதான் போகிறது.

புதிதாக ஒரு தாள் எடு. பொருள்களைக் கடை விலையில் எழுதாதே, கிராம் விலையில் எழுது. ஒரு கிலோ பாக்கெட்டில் 180 கிராம்தான் எடுத்தாய் என்றால் 180 கிராமின் விலை. அதற்குக் கீழே பெட்டி, பலகை, மெழுகுவர்த்தி, கரண்ட், பெட்ரோல். அதற்குக் கீழே உன் நேரம். சாமான் வாங்கியது, கலக்கியது, க்ரீம் போட்டது, பாத்திரம் கழுவியது, கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் சேர்த்து. ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று நீயே முடிவு செய், ஆனால் பூஜ்யம் என்று எழுதாதே. வேறொருவர் வீட்டில் இதே வேலையைச் செய்தால் அந்தக் கூலிக்கு ஒத்துக்கொள்வாயா என்று கேட்டுப் பார். கடைசியில், உடைந்தது, கருகியது, திருப்பிக் கொடுத்தது இவற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு. இவற்றின் கூட்டுத்தொகைக்குக் கீழே விற்றால் நீதான் ஊருக்குக் கேக் வாங்கிக் கொடுக்கிறாய்.

கடை விலையோடு போட்டி போட வேண்டாம். கடைக்காரர் மூட்டை மூட்டையாக மைதா எடுப்பவர், ஒரே அடுப்பில் 40 கேக் வைப்பவர். அவர் விலை அவருக்குச் சரி. உன்னிடம் வாங்க வருகிறவர் நல்ல வெண்ணெய்க்கும், அன்றைக்குச் செய்ததற்கும், குழந்தைக்குச் சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னால் கேட்பாய் என்பதற்கும் வருகிறார். பேரம் பேசினால் விலையைக் குறைக்காதே, அளவைக் குறை. “இந்தக் காசுக்கு அரை கிலோ செஞ்சு தரேங்க” என்று சிரித்த முகமாகச் சொல். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகுதான் முட்டையை உடை.

சொந்தக்காரர்கள் விஷயம் எனக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உன் சின்னம்மா மகன் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ வாங்கிவிட்டு, “நம்ம புள்ளதானே” என்று போய்விட்டதாக எழுதியிருக்கிறாய். வருடத்துக்கு இத்தனை என்று எண்ணி, பாட்டிக்கும் தம்பிக்கும் நீயாக ஆசைப்பட்டுச் செய்து கொடு. அது பரிசு. கேட்டு வாங்குவது ஆர்டர். ஆர்டர் என்றால் விலைச்சீட்டை முதலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு, சொந்தமோ அசலோ ஒரே சீட்டு. முதல் தடவை ஒரு முகம் சுருங்கும். தாங்கிக்கொள். உன் வயதில் உழைப்புக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டால் நாளைக்குச் சம்பளம் பேச உட்காரும்போதும் அந்தக் கூச்சம் கூடவே வரும்.

லைசென்ஸ்: வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 உனக்கும் பொருந்தும். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு போதும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் குறைவுதான். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிடு. செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் ஒட்டு. முட்டை சேர்ந்த கேக்குக்குப் பச்சைக் குறி போடக் கூடாது, சட்டப்படி முட்டை அசைவக் கணக்கில்தான் வரும். முந்திரி, பாதாம், வேர்க்கடலை சேர்ந்திருந்தால் பெரிய எழுத்தில் எழுது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர் விஷயம்.

கல்விக் கடனுக்கு, பெரும்பாலான வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை தொடங்காது. ஆனால் வட்டி அன்றன்றைக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும். உன் கடன் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் போய் வங்கியில் தவணை தொடங்கும் தேதியைக் கேள். கேக் லாபத்தில் மாதாமாதம் வட்டியையாவது கட்ட முடிந்தால் அசல் வீங்காது. இதைச் செய்துகொண்டே வேலைக்கும் விண்ணப்பம் போடு. பி.சி.ஏ. படித்தவள் ஆர்டர் கணக்கைத் தாளில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, உனக்கென்று ஒரு சின்னக் கணக்குச் செயலி எழுது. நேர்முகத் தேர்வில் ப்ராஜெக்ட் என்று காட்ட நீயே பயன்படுத்தும் ஒன்றைவிட நல்லது கிடைக்காது.

மே மாதம் முடியும்வரை க்ரீம் கேக் ஆர்டரை மதிய டெலிவரிக்கு எடுக்காதே. வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், சேலத்து வெயில் அதைத் தாண்டும். காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின்.

கேள்வி: லாரித் தொழில் செய்கிறேன். மகளை எம்.எஸ்சி. வேதியியல் படிக்க வைத்தேன். வேலைக்குப் போவாள் என்று பார்த்தால் பேக்கரி வைக்கிறேன் என்கிறாள். இதற்கா இவ்வளவு செலவு செய்தேன் என்று ஊரில் கேட்கிறார்கள். நீங்கள் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.
— வாசகர், சங்ககிரி

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. பெற்றவருக்கு அந்தப் பயம் நியாயமானது.

நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் ஒன்று உறுதியாகச் சொல்வேன், உங்கள் காசு வீணாகவில்லை. காரமும் அமிலமும் எந்த அளவில் சேர்ந்தால் எவ்வளவு வாயு வரும், சர்க்கரை எந்தச் சூட்டில் நிறம் மாறும், கொழுப்பு ஏன் சிக்குப் பிடிக்கிறது, ஈரம் எவ்வளவு இருந்தால் பூஞ்சை வரும் என்பதெல்லாம் அவள் படித்த பாடம். பேக்கரி நடத்துகிறவர்கள் வருடக்கணக்கில் கைப்பழக்கத்தில் கற்றுக்கொள்வதை அவள் காரணத்தோடு தெரிந்து வைத்திருக்கிறாள். உணவுத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வேதியியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு. பேக்கரி ஆசை நிறைவேறாமல் போனாலும் அந்தப் பக்கம் கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் பேக்கரிக்கு இடம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பெரிய அடுப்பு வாங்கி இப்போதே தொடங்கச் சொல்லமாட்டேன். நீங்கள் டீசல், டோல், டயர், டிரைவர் பேட்டா எல்லாம் கணக்குப் போடாமல் ஒரு லோடு ஏற்றமாட்டீர்கள். அந்தக் கணக்கை உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். என்னைவிட அதைச் சொல்லத் தகுதியானவர் நீங்கள்தான். ஆறு மாதம் வீட்டிலிருந்தே செய்து விற்கட்டும். வரவு, செலவு, கருகியது, கடன் நின்றது எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். மாதக் கடைசி ஞாயிறு இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பாருங்கள். ஆறு மாதக் கணக்கு தாங்கும் என்று சொன்னால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய கடன் திட்டங்களை விசாரிக்கலாம். தாங்காது என்றால் அவளே நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், நீங்களோ நானோ சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆறு மாதத்தில் அவள் விண்ணப்பங்கள் போடுவதையும் நிறுத்த வேண்டாம்.

ஊர் கேட்பதைப் பற்றி: உங்கள் மகள் செய்ததை நீங்கள் சாப்பிட்டுப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவள் அதைக் கவனித்திருப்பாள். அடுத்த லோடு கிளம்பும்போது ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹாஸ்டலைக் காலி செய்யப் போகிறோம். மூன்று வருடம் எங்களுக்குச் சமைத்துப் போட்ட மெஸ் அக்காவுக்குக் கேக் செய்து தர ஆசை. அவர் முட்டை சாப்பிடமாட்டார். எங்களிடம் ஓவன் இல்லை. ஓமலூரில் தோழி வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது.
— நான்கு தோழிகள், சேலம்

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது பிள்ளைகளே. கேஸ் அடுப்பு போதும்.

மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சிட்டிகை உப்பு, மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். மைதாவில் 20 கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதில் மரவள்ளி மாவு சேர்த்தால் கேக் இன்னும் மெத்தென்று வரும். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அது கிடைக்காமல் போகாது. புளிக்காத கெட்டித் தயிர் 225 கிராம், சர்க்கரை 150 கிராம் இரண்டையும் சர்க்கரை கரையும்வரை அடித்து, அரை டீஸ்பூன் சோடா உப்பைத் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள், நுரைத்து எழும். முட்டையின் வேலையை இங்கே தயிரும் சோடாவும் பார்க்கின்றன. அதில் வாசனையில்லாத எண்ணெய் 100 மில்லி, ஏலக்காய்ப் பொடி அல்லது வெனிலா. பிறகு சலித்த மாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் மடித்துக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் மைதா இழுபட்டு கேக் ரப்பராகும். கலந்த மாவு காத்திருக்கக் கூடாது, உடனே எண்ணெய் தடவிய டின்னுக்குப் போக வேண்டும்.

நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், தண்ணீரில்லாமல் சூடேற்றினால் கெட்டுப்போகும், தோழியின் அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டிவரும். பழைய அடிகனமான வாணலியும் பொருந்தும் தட்டும் போதும். அடியில் ஒரு விரல் உயரம் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் காய வையுங்கள். டின்னை உள்ளே வைத்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். 45 நிமிடம் வரை ஆகும். முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. மேல்பக்கம் சிவக்காது, மேலிருந்து சூடு கிடையாதே. ஏற்காட்டில் என் அம்மா மூடிமேல் கரித்தணல் அள்ளிப் போட்டு அந்தக் குறையைத் தீர்ப்பார். நீங்கள் தணலுக்கு எங்கே போவீர்கள், மேலே பொடித்த சர்க்கரையைச் சலித்துத் தூவுங்கள், போதும்.

முழுவதும் ஆறிய பிறகு டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து, ஓமலூரிலிருந்து வருவதற்குள் மேல்தோல் பிசுபிசுக்கும். அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் முழுக்க “மெஸ் அக்கா” என்றே இருந்தது, டப்பாவின் மேல் அவர் பெயரை எழுத வேண்டும். மதியப் பந்தி முடியும்வரை அவருக்கு உட்கார நேரம் இருக்காது. மூன்று மணிக்கு மேல் போய், அவரை உட்கார வைத்து, நீங்கள் பரிமாறுங்கள்.